ஒன்றரை அடி

வெட்டினவள் நான். அதனால் சொல்கிறேன்:
உள்ளே ஒன்றும் இல்லை.

மாங்குளம் பக்கமிருந்து வரும் கிரவல் றோட்டின் இடப்பக்கம்
வீரையடிக்குளம் பள்ளிக்கூட வாசல்வரை
பதினொரு கிலோமீற்றர் நானூறு மீற்றர்
என்று கோவையில் இருக்கிறதாம்.
நாலடி ஆழமாம். அடியில் மணலாம்,
மேலே எச்சரிக்கை நாடாவாம்.
கணக்காய்வுக்கு வந்த தம்பி வாசித்துக் காட்டினார்.
அகிலேந்திரன் என்று பெயர்.
வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்தவர்,
சப்பாத்தெல்லாம் செம்புழுதி.

மண்ணின் ஆழம் எனக்குத் தெரியும், தம்பி.
ஏழு வருசம் கண்ணிவெடி எடுத்தவள்.
முழங்காலில் நின்று,
முகமூடிக்குள் வேர்வை கண்ணை எரிக்க,
ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம்.
சுரண்டு. பார். அள. எழுது.
பின்னேரம் மேற்பார்வையாளர் வந்து
நான் பார்த்த இடத்தையே திரும்பப் பார்ப்பார்.
அவர் பார்த்ததை இன்னொருவர் பார்ப்பார்.
மூன்று கையெழுத்து விழுந்த பிறகுதான்
சிவப்புக் கட்டையைப் பிடுங்கி வெள்ளையை நடலாம்.
என் பெயர் இன்னும் அந்தத் தாளில் இருக்கிறது.
அங்கே எவருக்காவது கால் போனால்
என்னைத்தான் தேடி வருவார்கள்.

இங்கே, முதல்நாளே
கொந்தராத்துக்காரர் சொன்னார்:
"ஒன்றரை அடி காணும் அக்கா.
வயருக்கென்ன, குளிரவா போகுது?"
நாள்கூலி ஆயிரத்து எண்ணூறு. சிரித்தோம்.

சந்திக் கடைகள் கண்ணுக்குத் தெரியும்வரை,
ஒரு முந்நூறு மீற்றர்,
கேபிள் போனது.
பிறகு வெறும் செம்மஞ்சள் குழாய்.
பாலைக்காடு தொடங்கியதும்
குழாயும் இல்லை.
மண்ணை வெட்டி, அதே மண்ணால் மூடினோம்.
ஐம்பது மீற்றருக்கு ஒரு படம் வேண்டுமென்று
ஒரே கிடங்கை ஒன்பது பக்கத்தால் எடுத்தார்கள்.
ஒரு படத்தில் என் தொப்பி தெரியும்.

திறப்புவிழா அன்று பெரிய திரையில்
ஏதோ ஒரு கடல் ஓடியது, தடங்காமல்.
பொறியியலாளரின் சட்டைப்பையில் கிடந்த போன்தான்
அந்தக் கடலுக்கு ஊற்று.
தெரிந்துகொண்டே கைதட்டினேன்.
அதையும் எழுதுங்கோ.

பலகையில் மூன்று மொழி. தமிழில் மட்டும்
'தகவல்' 'தவகல்' ஆகியிருக்கிறது.
உள்ளே பன்னிரண்டு கணினி, பொலித்தீன் கழற்றாமல்.
சாவி மாற்றலாகிப் போனவரோடு போய்விட்டது.

மிதுரா போன வருசம்
பல்கலைக்கழக விண்ணப்பம் அனுப்பக்
குளக்கட்டில் ஏறினாள், கடைசி நாள், இருட்டுகிற நேரம்.
அங்கேதான் இரண்டு கோடு சிக்னல் வரும்.
கலிங்குப் பக்கம் யானை நின்றது.
ஓடி வந்துவிட்டாள், காயமில்லை.
எல்லோரும் கும்பிட்டோம்.
இப்போது கிளிநொச்சியில் ஆடைத்தொழிற்சாலையில்
கழுத்துப்பட்டி தைக்கிறாள்.
இதற்கு எந்தத் தாளில் யாருடைய பெயர் இருக்கிறது?

அலவாங்கு போட்டேன், மூன்று இடத்தில்.
முதலாவதில் குழாய்.
வாயை அடைத்திருந்த பொலித்தீனைப் பிடுங்கினால்
சாரை சாரையாய் எறும்பு.
இரண்டாவதில் வேர்.
மூன்றாவதில் மண், அதன்கீழ் மண்.
தம்பி பென்சிலால் குறித்துக்கொண்டார்.
நேரத்தைப் பார்த்தார்.
"மாதிரிக்கு மூன்று இடம் காணும் அக்கா,
மூன்றே முக்கால் பஸ் போயிடும்."

காணும் என்ற சொல்லை
இந்த றோட்டில் நான் கேட்பது இது இரண்டாம் தரம்.

போங்கோ தம்பி, பஸ்ஸை விடாதேங்கோ.
பேனை இருந்தால் மட்டும் தந்துவிட்டுப் போங்கோ.
நாலாவது இடத்தில்
நான் ஏற்கெனவே முழங்காலில் நிற்கிறேன்.